சுழல்துப்பாக்கியின் சாதகம்

நானுஓயாவிலிருந்து இறங்கும் புகையிரதம் தலவாக்கலையைக் கடந்து ஹட்டனை அடையும்வரை, இருமருங்கும் தேயிலைப் பசுமையே கண்ணை நிறைக்கும். சென்ற மார்கழி விடுமுறையில் அவ்வழியே சென்று, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நண்பர் இல்லத்திற் தங்கினேன்.

நண்பரின் பாட்டனார் துரை பங்களாவிற் சமையல் அப்புவாக இருந்தவர். துரையின் சுழல்துப்பாக்கியைத் துடைத்துப் பேணுவதும் அவர் பணியே. கல்லிப்பொலிப் போர்க்களத்தில் துரை ஏந்திய ஆயுதம் அது என்பது குடும்பக் கதை. துரை தாயகம் திரும்பிய பின்னும் பங்களா அலுமாரியிற் கிடந்த அது, உரிமம் இல்லாமையாற் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குமுன், நண்பரின் தந்தையார் அதன் முத்திரைகள்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்திருந்தார். அத்தாளை விரித்து, "இதன் சரித்திரத்தைக் கூறுங்கள், ஐயா" என்றார் நண்பர்.

கதை நம்பத்தகாததன்று. 1900 ஆம் ஆண்டில் அமைந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் ஒரு பிரிவு, 1915 இற் கல்லிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் தலைமையகத்துக்குக் காவலாக நின்றதுண்டு.

தாளைப் படித்தேன். 'வெப்லி' என்பது பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலகத்தின் பெயர். '455' குழலின் அளவு. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 455 பங்கு. முக்கோட்டு அம்புமுனை பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். முனையோடு முனை சந்திக்கும் இரண்டு அம்புகளோ, அரசு அதனை விற்றுவிட்டது என்பதைக் காட்டும். படைப்பிரிவைக் குறிக்கும் எழுத்து எதுவும் இல்லை. 'மார்க் 6' என்பது 1915 வைகாசியிற் படைக்கு ஏற்கப்பட்ட வகை. அருகே ஆண்டு: 1917.

நேயர்களே, கல்லிப்பொலியிலிருந்து பிரித்தானியப் படை முற்றாக வெளியேறியது 1916 தை மாதத்தில்!

சொல்வதா, விடுவதா எனத் தயங்கினேன், இறுதியிற் சொன்னேன்.

"அப்படியாயின், பாட்டா பொய் சொன்னாரா?" என்றார் நண்பர், முகம் வாடி.

"இல்லை. துரை அங்கே நின்றிருக்கலாம், இத்துப்பாக்கி நிற்கவில்லை. கேட்டதைத்தான் பாட்டா சொன்னார். அது இருக்கட்டும், அவர் பிறந்தது எந்த ஆண்டில்?"

நண்பர் விழித்தார். எவருக்கும் தெரியவில்லை. துப்பாக்கிக்குச் சாதகம் இருந்தது. அதைத் துடைத்தவருக்கு இல்லை.

மாணவர்களே, உங்கள் பாட்டன் பாட்டியர் பிறந்த ஊரையும் ஆண்டையும் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். மறுநாட் காலை நான் புறப்படுகையில், நண்பர் அதே தாளின் பின்புறத்தில் பாட்டனாரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.