யானை சொல்லிக்கொண்டு வரும் ஊர்

பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் மழைக்காடு என்னும் பாடம் வந்தால், அமேஸான் நதியும் காங்கோ நதியும் கூடவே வந்துவிடும். பிள்ளைகளும் சமர்த்தாக அந்த இரண்டு பெயர்களையும் எழுதி மார்க்கு வாங்கிவிடுவார்கள். அந்த நதிகளின் மேல் எனக்கு யாதொரு விரோதமும் கிடையாது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோ மீட்டர் தூரத்தில், 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், ஒரு மழைக்காடும் அதன் நடுவே ஒரு சின்னஞ்சிறு பட்டணமும் இருக்கின்றன. அமேஸானைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டும். இதைப் பார்க்க அரசாங்க பஸ்ஸில் ஜன்னலோரமாக ஓர் இடம் கிடைத்தால் போதும்.

வால்பாறை என்பது அந்தப் பட்டணத்தின் பெயர்.

நான் உபாத்தியாயராக இருப்பது காங்கேயத்துச் சீமையில். எங்கள் பக்கத்தில் மழை என்பது பெரும்பாலும் பஞ்சாங்கத்தில் பெய்வதோடு சரி. பல வருஷங்களுக்கு முன் விடுதியில் தங்கி என்னிடம் படித்த பையன் ஒருவன் வால்பாறைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். ஒரு நாள் நாலு தூற்றல் விழுந்ததும் வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. அவன் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏனப்பா, நீ பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "இது மழை இல்லை, ஸார்" என்றான். இப்போது அவனும் அந்த மலையிலேயே ஓர் ஆசிரியன். "ஒரு தடவை வந்து மழையைப் பாருங்கள், ஸார்" என்று அவன் வருஷா வருஷம் அழைத்துக்கொண்டிருந்தான். சென்ற காலாண்டு விடுமுறையில் புறப்பட்டேன்.

ஆழியாறு அணையைத் தாண்டியதும் பஸ் மலையேறத் தொடங்குகிறது. கீழே வறண்ட முட்காடு. ஒவ்வொரு வளைவிலும் ஓர் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் ஆழியாறு அணை முழுவதும் தாம்பாளத்தில் வைத்த தண்ணீர் மாதிரி தெரிகிறது. அந்தப் பாறைச் சரிவுகளில்தான் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகள் மேய்கின்றன. கால் வைக்க இடமில்லாத செங்குத்துப் பாறையில், நம் வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம்.

இன்னும் மேலே போனால் காற்று குளிர்கிறது. மேகம் சாலையில் இறங்கி வருகிறது. இருபுறமும் வானத்தை மறைக்கும் மரங்கள். மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி. அதுதான் மழைக்காடு. அடடா என்று வாய் திறப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது! சட்டென்று மரங்கள் விலக, கண்ணுக்கெட்டிய தூரம் கத்தரித்து விட்டாற்போல் பச்சைக் கம்பளம் விரிகிறது. அதுதான் தேயிலை.

பச்சைக் கம்பளம் அழகுதான். இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் தேயிலைச் செடி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு மரம். அதை வளர விடாமல் இடுப்பளவில் வெட்டி வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கம்பளத்தின் அடியில் ஒரு காலத்தில் இருந்தது முழுவதும் காடு. காடர் முதலிய பழங்குடி மக்கள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் வந்து அதை அழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டார்கள். அவர்களில் முக்கியமானவரான கார்வர் மார்ஷ் என்பவருக்கு மலைப்பாதையில் சிலை நிற்கிறது. கையை நீட்டி மலைகளைச் சுட்டிக் காட்டுகிறார் அவர். மரத்தை வெட்டியவர்களுக்கும், சுமந்தவர்களுக்கும், குளிர்ஜுரத்தில் மாண்டவர்களுக்கும் அந்த வளைவில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அவர்கள் யார்? திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் முதலிய ஜில்லாக்களின் ஏழை ஜனங்கள். கங்காணிமார் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து அவர்களை மலைக்கு அழைத்து வந்தார்கள். முன்பணம் கடனாயிற்று, கடன் கட்டாயிற்று. அட்டைக் கடியும் மலேரியாவும் பிரம்படியும் கண்ட அந்த வாழ்க்கையை, ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று அது தமிழிலும் வந்திருக்கிறது. தேநீர் குடிக்கும் குடும்பங்களில் ஒருவராவது அதைப் படிக்கவேண்டும்.

வால்பாறை ஊர் ஒரே ஒரு நீண்ட கடைத்தெரு. கடைகளில் குடையும் கம்பளியும் ரப்பர் பூட்ஸும் தொங்குகின்றன. சுமார் 3,500 அடி உயரம். ஊரைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் ஒரு தோட்டம். தோட்டத்துக்கு அப்பால் காடு. காட்டுக்கு அப்பால் மறுபடி தோட்டம். மேட்டு நிலம் ஏறக்குறைய 220 சதுர கிலோ மீட்டர். அதில் பழைய காடு துண்டு துண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சட்டையில் ஒட்டுப் போட்டதுபோல் சிதறிக் கிடக்கிறது.

மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். புரட்டாசியிலும் அது விட்டபாடில்லை. நான் தங்கிய மூன்று நாளும் சட்டை உலரவில்லை. என் மாணவன் சிரித்துக்கொண்டே, "இதுகூடப் பெரிய மழை இல்லை, ஸார். சின்னக்கல்லாறுக்கு ஆடி மாதத்தில் வரவேண்டும்" என்றான். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் சின்னக்கல்லாறு ஒன்று. இங்கே பெய்யும் மழை சோலையாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே பரம்பிக்குளம் போய், அங்கிருந்து திருமூர்த்தி அணைக்கு வந்து, கடைசியில் எங்கள் காங்கேயம், வெள்ளக்கோவில் காட்டு வாய்க்கால்களில் ஓடுகிறது. வருஷத்தில் எந்தத் தேதிக்கு மடை திறப்பார்கள் என்று காத்துக் கிடக்கும் எங்கள் ஊர்க் குடியானவன், இந்த மலையின் காட்டை நம்பித்தான் விதை வாங்குகிறான்.

முதல் நாள் மாலை மாணவனின் வீட்டுக்குப் போனேன். தோட்டத்து லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். அவனுடைய தாயார் நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். "வாங்க ஐயா, கால்ல அட்டை இருக்கா பாருங்க" என்பதுதான் அந்த அம்மாளின் வரவேற்பு. இருந்தது, இரண்டு! உப்பைத் தொட்டு வைத்து அவற்றை உதறிவிட்டு, சுடச் சுடத் தேநீர் கொடுத்தார்.

ஏழு மணி இருக்கும். கடைத்தெருவுக்குத் திரும்பலாம் என்று எழுந்தேன். வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுச் சிறுமி, "சிவப்பு லைட் எரியுது!" என்றாள். எதிர் மேட்டில் ஓர் உயரமான கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. உடனே லைன் முழுவதும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. வெளியில் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். குழந்தைகளின் பெயர்கள் கூப்பிடப்பட்டன. கைபேசிகளில் செய்தியும் வந்தது: பக்கத்துத் தோட்டத்தில் குட்டியோடு யானைக் கூட்டம். ஒருவரும் கூச்சல் போடவில்லை, தகரம் தட்டவில்லை. "இன்னைக்கு இங்கேதான் தூக்கம், ஐயா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுப்பில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டார்.

அன்று இரவு அவர் சொன்ன விஷயம் இது. விளக்கெல்லாம் இல்லாத காலத்தில், அவருடைய அண்ணன் ஒரு மாலையில் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். பனிமூட்டம். பாதை திரும்பும் இடத்தில் யானை நின்றிருக்கிறது. அவ்வளவுதான். "யானை மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அதுக்கும் எங்க அண்ணன் வர்றது தெரியாது, அவருக்கும் அது நிக்கிறது தெரியாது" என்றார்.

அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் ஆராய்ச்சிக்காரர்களும் கண்டார்கள். இந்த மேட்டில் யானையால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அது அருகில் இருப்பதை அறியாமல் எதிர்ப்பட்டவர்களே. யானைக்கும் வேறு வழியில்லை. துண்டுபட்ட காட்டில் பகலெல்லாம் தங்கி, இருட்டியபின் தேயிலையின் ஊடே நடந்து அடுத்த துண்டுக்குப் போகவேண்டும். நடு ஆற்றங்கரையும் சோலையாற்றங்கரையும் அதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பாதைகள். போகிற வழியில் ரேஷன் கடையும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடமும் இருந்தால், அரிசிக்காகக் கதவை உடைப்பதும் உண்டு.

இதைத் துரத்துவதால் தீர்க்க முடியாது என்று கண்டு, இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஆனந்தகுமார் முதலியோர், வனத்துறையும் தோட்டங்களும் துணை நிற்க, வேறு வழி தேடினார்கள். யானை எங்கே இருக்கிறது என்பதை மனிதருக்குச் சொல்லிவிடுவதே அந்த வழி. முதலில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாகச் செய்தி வந்தது. பிறகு 2011 முதல் கைபேசியில் குறுஞ்செய்தி. அதன் பிறகு கைபேசி மூலமாகவே ஏற்றி அணைக்கும் சிவப்பு விளக்குகள். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. இப்போது பல இடங்களில் விளக்கை ஏற்றுபவர்கள் அந்தந்தத் தோட்டத்து மனிதர்களே. சாவு குறைந்திருக்கிறது, முற்றிலும் நின்றுவிடவில்லை. சிறுத்தை தேயிலைப் புதரில் பதுங்கிக் குழந்தைகளைத் தூக்கிச் சென்ற கொடுமைகளும் நடந்திருக்கின்றன. அந்த வீடுகளில் போய் நின்று வனவிலங்கின் பெருமையைப் பேச எவருக்கும் நாவு எழாது. ஆனாலும் இந்த ஜனங்கள் காட்டைக் கொளுத்த வேண்டும் என்று சொல்வதில்லை. விளக்கு ஒழுங்காக எரியவேண்டும், வீட்டோரப் புதரை வெட்டவேண்டும், கழிப்பறை வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை அல்லவா?

மறுநாள் புதுத்தோட்டத்துச் சாலையில் சிங்கவால் குரங்குகளைக் கண்டேன். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஜாதி. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. சபைக்கு வந்த ஜமீன்தார் போன்ற பார்வை. மரத்தை விட்டு இறங்காத அந்தப் பிராணி, மரம் தொடர்பற்றுப் போனதால் சாலையில் இறங்கி மோட்டாரில் அடிபட்டு மாண்டது. ஆகவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு அந்தப் பாலத்தில் நடந்து போயிற்று. கீழே எங்கள் பஸ் நின்று வழிவிட்டது.

ஒரு நாற்றங்காலையும் பார்த்தேன். சாலையோரத்தில் உதிர்ந்து வீணாகும் காட்டு மர விதைகளைப் பொறுக்கி வந்து, வெடிபலா, நாங்கு, கருங்குங்கிலியம் என்று கன்றுகள் வளர்க்கிறார்கள். திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர ராமன் என்னும் இரு விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய காரியம் இது. தோட்டங்களின் சம்மதத்தோடு, சிதைந்த காட்டுத் துண்டுகளில் இந்தக் கன்றுகளை நடுகிறார்கள். அங்கே வேலை செய்த பெரியவரிடம், "இது மரமாக எத்தனை காலமாகும்?" என்று விசாரித்தேன். "நமக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பைக்கு மண் நிரப்பினார்.

காட்டை ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களை? வால்பாறையில் 2001 ஜனக் கணக்கின்படி சுமார் 95,000 பேர் இருந்தார்கள். 2011-ல் சுமார் 71,000 பேர். தேயிலைத் தொழில் நலிந்தது, கூலி போதவில்லை, பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. லைன் வீடு வேலைக்கு உரியது; வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் மாணவனின் தம்பி தேயிலை ஃபாக்டரியில் இருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு இன்னும் கூரை இருக்கிறது. "சொந்த ஊருக்குப் போயிடலாமேன்னு சொல்றாங்க. எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவராம். எந்த ஊருன்னு எனக்குத் தெரியாதே ஐயா!" என்றார் அந்த அம்மாள். அவர் பிறந்தது, கல்யாணம் செய்துகொண்டது, அண்ணனைப் புதைத்தது எல்லாம் இந்த மலையில்தான். யானைக்காவது பழைய பாதை நினைவிருக்கிறது.

காட்டை அழித்தவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு போய் வெகு காலமாகிறது. மிச்சம் இருப்பவர்கள் இரு சாரார்: இடம் இழந்த பிராணிகள், இடம் பெறாத மனிதர்கள். ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்க ஒரு சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு அவர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்கள் பறித்த இலை நம் வீட்டு அடுப்பில் கொதிக்கிறது. அவர்கள் நனைந்த மழை எங்கள் வாய்க்காலில் வருகிறது. அந்த அம்மாளுக்கு அம்மலையிலேயே இரண்டு சென்ட் நிலம் வேண்டும் என்று கேட்கும் கடமை, கீழே இருக்கும் நமக்கும் உண்டு.

விடைபெறும்போது, "அடுத்த தடவை குடும்பத்தோடு வருகிறேன், அம்மா" என்றேன்.

"வாங்க ஐயா. ஆனா முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றார் அவர். "எங்க ஊர்ல இப்போ யானைகூடச் சொல்லிட்டுத்தான் வருது!"