இருபது மைலில் இருந்த கடல்

மலாக்கா மாநிலத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் ஒன்றும் அதிசயம் அல்ல என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, பதினொரு வயது வரைக்கும் கடல் என்பது பாடப் புத்தகத்தில் பார்த்த படம்தான். எங்கள் லயத்திலிருந்து மலாக்கா பட்டணம் இருபது மைல். உம்பாய், செர்க்காம் கரைகள் அதைவிடவும் கிட்டம். இருந்தும் எங்கள் அப்பா கடலைப் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை. பார்த்தவர் எங்கள் அப்பாயி ஒருவர்தான்.

அப்பாயி 1928-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். துறையூர்ப் பக்கம் சொந்த ஊர். கப்பலில் ஒரு வார காலம் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "அந்தத் தண்ணிய இனிமே ஏறெடுத்தும் பாக்க மாட்டேன்" என்று முடிப்பார். அப்பா தோட்டத்திலேயே 1930-இல் பிறந்தவர்.

போகக்கூடாது என்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, பால் எடுப்பு, ஸ்டோரில் நிறுவை. வீட்டுக்கு வந்தால் ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு. பட்டணம் போவதென்றால் தீபாவளிச் சாமான் வாங்கவோ, பெரிய ஆஸ்பத்திரிக்கோ போவதுதான். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போவோம். சாமி கும்பிட்டு, பொரிகடலை வாங்கிக்கொண்டு நேரே திரும்பிவிடுவோம். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஓர் இடத்துக்குப் போவது என்ற எண்ணமே எங்கள் லயத்தில் கிடையாது.

அந்த எண்ணத்தை உண்டாக்கியவர் எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். 1971-இல் சம்பளம் போட்ட பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, கோயில் கமிட்டி இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு லாரி ஒன்றை ஏற்பாடு செய்தார். பெரியவர்களுக்கு 1 வெள்ளி 50 காசு, பிள்ளைகளுக்கு 75 காசு.

"நீங்களும் வாங்களேன்" என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சினார்.

"எல்லாரும் போயிட்டா ஆட்டுக்குத் தழை யாரு ஒடிக்கிறது? அன்னிக்கு வெட்டுக்குப் போனா இரட்டைச் சம்பளம் கெடைக்கும். நீங்க போயிட்டு வாங்க. நான் அடுத்த வருசம் பாத்துக்கிறேன்."

அப்பாயி முதலில் முடியவே முடியாது என்றார். லாரி வந்து நின்றதும் என்ன நினைத்தாரோ, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னே ஏறி உட்கார்ந்துவிட்டார்!

லாரியில் ரப்பர்ப் பால் வாடை. மேலே தார்ப்பாய். புளிச்சோறும் அவித்த முட்டையும் தூக்குச் சட்டிகளில். முதலில் பட்டணத்துப் பொய்யாத விநாயகர் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். 1781-இல் டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் கட்டிய கோயில் அது என்று தலைமையாசிரியர் சொன்னார். செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் தெய்வங்களை. கோயிலுக்குப் பக்கத்திலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல். சற்றுத் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். ஒரே நடையில் மூன்றையும் பார்த்து முடித்துவிடலாம்.

"நம்ம ஆளுங்க பால் வெட்டத்தான் இந்த நாட்டுக்கு வந்தாங்கன்னு நெனைக்காதீங்க. போர்த்துக்கீசியர் 1511-இல் இந்த ஊரைப் பிடிக்கிறதுக்கு முன்னாலேயே, தமிழ் வியாபாரிகள் இங்கே கப்பல் கப்பலாத் துணி இறக்கினவங்க" என்றார் அவர். எங்களுக்கு அது புதுச் செய்தி. லயத்துக்கு முன்னால் நமக்கு ஒரு கதை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

சிவப்புக் கட்டடங்களைச் சுற்றிவிட்டு, செயின்ட் பால் குன்றின் மேல் ஏறினோம். 1521-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயம், கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கிறது. அங்கே நின்று திரும்பினேன். கீழே கோட்டை வாசல். அதற்கு அப்பால் புல்வெளி. அதற்கும் அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்! மூச்சு நின்றுவிட்டது. பாடப் புத்தகத்தில் இருந்த நீலம் அதில் இல்லை. ஈயம் பூசியது போன்ற ஒரு நிறம். இருந்தாலும் முடிவே இல்லாமல் கிடந்தது.

மத்தியானம் லாரி தஞ்சோங் கிளிங் போய்ச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்களை மலாய்க்காரர்கள் பழங்காலத்தில் அழைத்த பெயர் 'கிளிங்'. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இன்று அது மனதைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கரையின் பெயரில் நம் பெயர் இருக்கிறது என்று நினைத்தால், எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே மிஞ்சுகிறது.

பிள்ளைகள் நாங்கள் தண்ணீரில் விழுந்து புரண்டோம். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கணுக்கால் அளவில் நின்றார். அலை வந்து காலடி மண்ணை இழுத்தபோது சின்னப் பெண்ணைப்போல் கத்திச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பாயி மட்டும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைமையாசிரியரைக் கூப்பிட்டு, "ஏன் சாமி, இதோ எதிர்க்க இருக்கிறதுதானே நம்ம ஊரு?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஆத்தா. எதிர்ல இருக்கிறது சுமத்ரா. நம்ம ஊரு அதையும் தாண்டி, ரொம்பத் தூரம்."

அப்பாயி பதில் பேசவில்லை. வெகு நேரம் கழித்து எழுந்து போய், ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

இரவு வீடு திரும்பியபோது அப்பா திண்ணையில் காத்திருந்தார். ஆடுகள் தின்று படுத்திருந்தன. சோற்றைக்கூட அவரே வடித்து வைத்திருந்தார். என்னை மடியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "அலை என்ன ஒசரம் வருது? அக்கரை தெரியுதா? தண்ணி நெசமாவே உப்பாவா இருக்கு?" நான் சொல்லச் சொல்ல, "அப்படியா! அடுத்த வருசம் பாத்துடுவோம்" என்றார்.

அடுத்த வருடமும் லாரி போயிற்று. அதற்கடுத்த வருடமும் போயிற்று. அப்பா ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் காவல் இருந்தார். ஆண்டு விடுப்பையும் எடுக்காமல் காசாக மாற்றிக்கொள்வார். அந்தக் காசு என் பள்ளிச் சீருடையாயிற்று, தம்பியின் பஸ் கட்டணமாயிற்று. ஐந்தாம் படிவம் வரை நான் படித்தது அப்பா எடுக்காத லீவில்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. "அப்பாவுக்கு இதிலெல்லாம் ஆசை இல்லை" என்றே எண்ணியிருந்தேன். பிற்பாடு வேலைக்குப் போய் நான் கூப்பிட்டபோதும், "அம்பத்தஞ்சு வயசுல பென்சன் வாங்கினதும் நிம்மதியாப் போவோம்" என்றார்.

1983-இல், ஐம்பத்து மூன்று வயதில், மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

எரியூட்டிய மறுநாள், அஸ்தியைக் கரைக்கத் தஞ்சோங் கிளிங் போனோம். தம்பி மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். அப்பா கடலுக்குப் போனது அப்படித்தான். தம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தான். கரையில் நின்ற அம்மா, "இருபது மைலு. ஒரு நாள் ஆட்டைப் பட்டினி போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்று சொல்லி அழுதார். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இப்போது அந்தத் தோட்டத்தில் லயங்கள் இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. குன்றின் மேலிருந்து நான் முதன்முதலில் பார்த்த கடலும் அந்த இடத்தில் இல்லை. தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். புல்வெளிக்கு அப்பால் 1994 முதல் மக்கோத்தா பரேட் பேரங்காடி நிற்கிறது. 2008-இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட பிறகு, எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து அந்தக் குன்றில் நின்று படம் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகளும் விமானம் ஏறித் தூர தேசத்துக் கடற்கரைகளைப் பார்த்து வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் இன்றும் தோட்டத்திலும் பட்டணத்துத் தொழிற்சாலையிலும் "அடுத்த வருசம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பள விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டு முடிந்தால் 12 நாள், ஐந்து ஆண்டு முடிந்தால் 16 நாள். வாராந்தர ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இதில் சேராதவை. அந்த நாள்களில் ஒன்றே ஒன்றைக் குடும்பத்துக்காக ஒதுக்குங்கள். பெரிய செலவு வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காலையில் பொய்யாத விநாயகரைக் கும்பிட்டு, குன்றின் மேல் ஏறி, கோட்டை வாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெயில் தாழ்ந்ததும் தஞ்சோங் கிளிங் போகலாம். மணலில் விளையாட வேண்டுமானால் மஸ்ஜித் தானா பக்கம் தஞ்சோங் பிடாரா போகலாம். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறு தெரியும், முகம் சுளிக்காதீர்கள். அதுவும் நம் கடல்தான்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வீட்டுக்குக் காவல் என்று யாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆட்டுக்கு முதல் நாளே தழை ஒடித்துப் போட்டுவிடலாம். பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைக்கலாம். கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் சேர்ந்து புறப்படுங்கள்.