அம்மாவின் பாட்டுப் பட்டியல்

நேயர்கள் கேட்கும் பாடலைத் தேடி ஒலிபரப்புவது என் வேலை. வீட்டில் எனக்கு ஒரே நேயர், அம்மா.

அப்பா விட்டுச்சென்ற கேசட்டுகளையும் சிடிகளையும் கோப்புகளாக மாற்றி, பழைய மடிக்கணினி ஒன்றில் ‘நேவிட்ரோம்’ என்ற திறமூல மென்பொருளை நிறுவினேன். வீட்டில் உள்ள பாடல்களைக் கைப்பேசியில் கேட்க உதவும் சர்வர் அது. அம்மா அதில் ஒரு பட்டியல் தொடங்கினார். அப்பா சமையலறையில் முணுமுணுத்தவை, காரில் சத்தமாகப் பாடியவை என நினைவு வர வரச் சேர்த்தார். ஆறு மாதத்தில் 114 பாடல்கள்.

ஓர் இரவு மென்பொருளைப் புதுப்பித்தேன். காலையில் அம்மா கேட்டார்: “பாட்டெல்லாம் இருக்கு. என் லிஸ்ட் எங்கம்மா?”

தவறு என்னுடையதுதான். அந்த மென்பொருளை ‘டாக்கர்’ மூலம் ஒரு கொள்கலனுக்குள் இயக்கியிருந்தேன். கொள்கலன் என்றதும் துறைமுகத்தில் சரக்கைக் காக்கும் இரும்புப் பெட்டி நினைவுக்கு வரும். இதுவோ வாழை இலை மாதிரி. புதுப் பதிப்பு வந்தால் பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போடுவதே முறை. பாடல்களை நான் வெளியே வைத்திருந்தேன். பட்டியல் பதிவாகும் தரவுத்தளத்தை வைக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி இலையில் வைத்துவிட்டு, இலையோடு மடித்து எறிந்த கதைதான். வட்டில் இடம் வேண்டும் என்று மிச்சத்தையும் துடைத்திருந்ததால் மீட்க வழியில்லை.

அந்த வார இறுதியில் எல்லாவற்றையும் திருத்தினேன். தரவுத்தளத்துக்குக் கொள்கலனுக்கு வெளியே நிரந்தரக் கோப்புறை ஒன்றை இணைத்தேன். பாடல் கோப்புறைக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே தந்தேன். மென்பொருள் தடுமாறினாலும் பாடல் அழியாது. ‘லேட்டஸ்ட்’ என்றிருந்த இடத்தில் குறிப்பிட்ட பதிப்பு எண்ணை எழுதினேன். நான் மாற்றாமல் இனிப் பதிப்பு மாறாது. தினமும் அதிகாலை 4 மணிக்குக் கொள்கலன் சற்று நின்று, தரவு வெளி வட்டுக்கு நகலாகிறது. கடைசியாக, ஒரு சோதனைப் பட்டியல் போட்டு, கொள்கலனை வேண்டுமென்றே அழித்தேன். மறுபடி இயக்கியபோது பட்டியல் அப்படியே இருந்தது. நகலிலிருந்தும் மீட்டுப் பார்த்தேன்.

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடுகிறதா என்று பார்த்தால் போதாது. கொள்கலனை அழித்தால் எது மிஞ்சும் என்றும் பாருங்கள். விலைமதிப்பில்லாதது உள்ளே சேரும் முன்பே பாருங்கள்.

அம்மா மறுபடி பட்டியல் போடுகிறார். இம்முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டுக்கொரு கதை வருகிறது. இதுவரை 61.

“மத்தது ஞாபகம் வரலையே” என்றார் நேற்று.

“வரும்மா. இனிமே எங்கேயும் போகாது” என்றேன்.