பூசியவர் அறியாத மணம்

அத்தர் பூசுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் கண்டுகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. பூசிய கால் மணி நேரத்திற்குள் அந்த மணம் பூசியவருக்கு மங்கிவிடுகிறது. எண்ணெய் தோலில்தான் இருக்கிறது. அறைக்குள் நுழைகிறவர் உடனே அறிந்துகொள்கிறார். பூசியவரின் மூக்கு மட்டும் அதற்குப் பழகிப்போய், அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் இருவர். பல ஆண்டுகளாக ஒருவர் மேல் இருக்கும் மணத்தை மற்றவர் சொல்லித்தான் அறிந்துவருகிறோம். இக்குறிப்பை 'நான்' என்று தொடங்கி இருமுறை கிழித்துப் போட்டபின் 'நாங்கள்' என்று எழுதுவதற்கு அதுவே காரணம்.

பழக்கம் தொடங்கியது திருவல்லிக்கேணியில். நண்பர் ஒருவரின் நிக்காஹ் முடிந்து வெளியே வந்தபோது, அத்தரில் தோய்த்த சிறு பஞ்சு எங்கள் கையில் வைக்கப்பட்டது. பஞ்சைக் காது மடலுக்குள் செருகிக்கொள்ள வேண்டும் என்பதுகூட எங்களுக்கு அன்று தெரியாது. மறுநாளும் அந்தப் பஞ்சு மணத்தது. அதைத் தேடி, பெரிய பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு சிறு கடையைக் கண்டடைந்தோம். கடைக்காரர் கண்ணாடிக் குச்சியால் எங்கள் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சொன்னார்: "தேய்ச்சுடாதீங்க. அதுவா மலரட்டும்." சாராயத்தில் கரைத்துப் பீய்ச்சும் வாசனைத் திரவியங்கள் நமக்கு முன்பாகவே அறைக்குள் சென்று வருகையை அறிவிப்பவை. எண்ணெய் அப்படியன்று. அது தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. கைக்கெட்டும் தூரத்திற்கு வந்தவரிடம் மட்டும் பேசுகிறது.

*

2019 மார்ச்சில் கன்னோஜ் சென்றோம். பள்ளிப் பாடத்தில் ஹர்ஷரின் தலைநகராக 'கன்னோசி' என்று மனப்பாடம் செய்த அதே ஊர்தான். கான்பூரிலிருந்து ரயிலில் போய் இறங்கினால், அரசர் எவரும் வாழ்ந்ததற்கான சுவடு முதல் பார்வையில் தெரியாத ஒரு சிற்றூர். ஆனால் சில சந்துகளில் சாக்கடைக்கும் ரோஜா மணம் இருந்தது.

நாங்கள் பார்த்த வடிசாலையில் மண் அடுப்புகளின் மேல் வரிசையாகச் செம்புக் கொப்பரைகள். கொப்பரைக்கு 'தேக்' என்று பெயர். விடியுமுன் பறித்த பூவையும் தண்ணீரையும் அதிலிட்டு மூடி, பஞ்சும் களிமண்ணும் குழைத்து விளிம்பை அடைக்கிறார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கில் குழாய் சரிந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்ற செம்புக் குடத்திற்குள் போகிறது. குடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கிறது. பூவின் ஆவி குளிர்ந்து சந்தனத்தில் படிகிறது. பிறகு நீரைப் பிரித்து மீண்டும் கொப்பரையில் ஊற்றி, புதுப் பூவிட்டு, அதே சந்தனத்தின் மேல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வடிக்கிறார்கள். வெப்பமானியோ அழுத்தமானியோ அங்கு இல்லை. தொழிலாளி ஒருவர் தொட்டிக்குள் கைவிட்டுக் குடத்தின் சூட்டைப் பார்த்தார். கொப்பரையருகே காதை வைத்துக் கொதியைக் கேட்டார். எத்தனை ஆண்டுகளாக இந்த வேலை என்று கேட்டோம். தன் தகப்பனாரின் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டுமா என்று திருப்பிக் கேட்டார்.

மைசூர், சத்தியமங்கலம், ஜவ்வாது மலை என்று தெற்கே வளர்ந்த சந்தனம்தான் நெடுங்காலம் அந்த வடநாட்டு அத்தரைத் தாங்கியது. மரம் அருகி விலை ஏறியபின் சந்தனத்தின் இடத்தில் திரவ பாரஃபின் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் அடுத்தடுத்து எங்கள் மணிக்கட்டுகளில் தடவிக் காட்டினார்கள். பாரஃபினில் ரோஜா பளிச்சென்று தொடங்கியது; மாலைக்குள் ஆள் காலிசெய்த வீடு போலாயிற்று. சந்தனத்தில் இருந்தது இரவும் நின்றது. கையிலிருந்த பணத்திற்குக் கால் தோலா, அதாவது ஏறத்தாழ 3 கிராம் கொண்ட நான்கு குப்பிகள் வாங்கினோம்.

*

குலாப் குப்பியில் இருக்கும்வரை கல்யாண வீட்டுப் பன்னீர்தான். தோலில் பட்டதும் முதலில் மிளகு போல் ஒரு சுருக்கு. பிறகு எங்களுக்குள் பிரிகிறது. ஒருவர் தோலில் தேனாகிறது. மற்றவர் தோலில் நாட்பட்டுச் சற்றே புளிக்கிறது. ஒரே குப்பி, ஒரே வீட்டுச் சாப்பாடு, இரண்டு ரோஜாக்கள்.

கஸ் என்பது நம் வெட்டிவேர். பானைத் தண்ணீரில் மெல்லிசாக அறிந்திருந்த ஒன்றை எண்ணெயாக முகர்ந்தபோது திடுக்கிட்டோம். வேரைக் காட்டிலும், வேர் விடாமல் பிடித்திருந்த சேற்று மண்தான் அதில் இருந்தது. அதற்கும் பின்னால் சிறிது புகை. சந்தனம் சேராத தனி எண்ணெய் அது. சட்டையில் பட்டால் இரண்டு சலவை தாங்குகிறது.

ஷமாமா ஒரு நாட்டு மருந்துக்கடை. சடாமாஞ்சி, கோரைக்கிழங்கு, ஏலம், கிராம்பு இவற்றோடு செட்டிநாட்டுச் சமையலில் போடும் அதே கல்பாசியும் அதில் உண்டு. வடக்கே அது குளிர்காலத்துக்கு உரியது. அதை மறந்து சென்னை ஏப்ரலில் பூசிக்கொண்டு பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்க நேர்ந்தது. மார்கழியில் அதுவே போர்வையாயிற்று.

மிட்டி, மண் அத்தர். சுட்ட களிமண் வில்லைகளைக் கொப்பரையிலிட்டு வடிக்கிறார்கள். மழை பட்ட மண்ணின் மணத்திற்கு 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டு 1964இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை எழுதிய ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் இருவரும், உத்தரப் பிரதேசத்தில் இந்த அத்தர் ஏற்கெனவே வடிக்கப்படுவதை அறிந்திருந்தார்கள். அவர்கள் பெயர் வைத்த மணத்தை இவர்கள் அதற்கு முன்பே குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நான்கில் மிகக் குறைந்த ஆயுள் அதற்குத்தான். பத்து நிமிடம் நனைந்த செங்கல். பிறகு வெறும் சந்தனம். அந்தப் பத்து நிமிடத்திற்காக அதை மிகவும் சிக்கனமாகச் செலவிட்டோம்.

*

2021 மே மாதம் எங்களில் ஒருவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் மூன்றே நாள். நான்காம் நாள் காலை காப்பி கசப்பான வெந்நீராக இருந்தது. மூச்சுத் திணறலுக்குப் படுக்கை கிடைக்காமல் மனிதர்கள் தெருவில் காத்திருந்த மாதம் அது. மூக்கைப் பற்றிப் புகார் சொல்ல வெட்கமாக இருந்தது. கிருமி தாக்குவது பெரும்பாலும் மணத்தை அறியும் நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே என்று 2020இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆகையால் திரும்பிவிடும் என்று காத்திருந்தோம். பால் தீய்ந்ததை அடுப்பருகே நின்றுகொண்டே அறியாமல் போவது, எரிவாயுக் குமிழை மூன்று முறை திருகிப் பார்ப்பது என்று வாழ்க்கை சிறிதாயிற்று. ஆகஸ்டில் மூக்கு விழித்தது, ஆனால் கோணலாக. வெங்காயம் வதக்கினால் எரிந்த ரப்பர், காப்பி அழுகல். ஆறு வாரம் எங்கள் வீட்டில் தாளிப்பு இல்லை.

மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையும் மாலையும், 12 வாரம், கவனத்தோடு முகர வேண்டும். ரோஜாவுக்குக் கன்னோஜ் குப்பி இருந்தது. யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம். ஒருவர் முகர, மற்றவர் அருகில் அமர்ந்து அது என்ன என்று சொல்வதாக ஏற்பாடு.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கெட்ட மணங்களுக்கு நம் பேச்சில் எத்தனை பெயர்கள்! நெடி, வீச்சம், கவிச்சி, முடை, காறல், கருகல், சிக்கு வாடை, ஊசல். நல்லதற்கு மணக்கிறது, கமழ்கிறது என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. முன்பு நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்ற சொல்லையும் கெட்டதற்குக் கொடுத்துவிட்டோம். எனவே பொருள்களைச் சொல்லி ஒப்பிட்டோம். 'மழையில் நனைந்த தினத்தந்தி.' 'மாவு மில்லுக்கு வெளியே.' 'புதுப் பாயை விரித்த அறை.' முகர்ந்தவருக்கு ஒன்றும் எட்டவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

*

அந்த அக்டோபரில் ஒரு திருமண வரவேற்புக்குக் கிளம்பும்போது, மணம் இழந்தவர் மிட்டிக் குப்பியைத் திறந்து இரு மணிக்கட்டிலும் தாராளமாகப் பூசினார். மற்றவர் சொன்னார்: தெரியாத மூக்குக்கு எதற்கு இவ்வளவு விலையுள்ள எண்ணெய்?

எங்கள் வீட்டில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் மிக மோசமான வாக்கியம் அது. அதைச் சொன்னது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. இருவருமே அதைச் சுமக்கிறோம். வரவேற்பில் ஒரே மேசையில் அமர்ந்து, பேசாமல் சாப்பிட்டுத் திரும்பினோம்.

பதில் மறுநாள் காலை வந்தது. மூக்கு போனபின் மிகவும் அஞ்சியது உணவின் சுவை போனதற்கு அல்லவாம். தன் உடம்பே தனக்குத் தெரியாமல் போனதற்காம். வியர்வை நாறுகிறதா, வாய் நாறுகிறதா, உடுத்தியது துவைத்த சட்டைதானா என்று எதுவும் தெரியாமல் மனிதர்கள் நடுவே போய் நிற்க வேண்டியிருக்கிறது. பேசுகிறவர் அரையடி பின்வாங்கினால் உள்ளே ஏதோ சுருங்குகிறது. இன்ன எண்ணெய் பூசியிருக்கிறோம் என்று தெரிந்தால், தன்மேல் இருப்பது இன்னது என்ற நிச்சயமாவது மிஞ்சும். 'எனக்குத் தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமே' என்று முடித்துவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தோம். நலமாக இருந்த நாட்களிலும் பூசியவருக்குக் கிடைத்தது அந்தக் கால் மணி நேரம்தான். மிச்சப் பொழுது முழுவதும் அது அருகில் இருப்பவரைச் சேர்ந்தது. இழந்தவருக்கும் இழக்காதவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவே. அதைக் காட்டி ஒருவர் மற்றவரை ஏழை என்று சொன்னது எங்களுக்கு விளங்க ஓர் இரவு தேவைப்பட்டது.

*

2022 பிப்ரவரியில் முதலில் திரும்பியது ரோஜா அல்ல; பேருந்திலிருந்து எங்களை இறக்கிவிட்ட ஷமாமா. ஒரு மாலை, கம்பளிச் சால்வையை மடிக்கும்போது 'கல்பாசி' என்றார். மடித்ததைப் பிரித்து மீண்டும் முகர்ந்தார். அழுதது மற்றவர். பிறகு வெட்டிவேர், அதன் புகை இல்லாமல். ரோஜா பாதிதான் வந்தது. சுருக்கு இருக்கிறது, தேன் இல்லை. காப்பி இப்போது காப்பியாகவே இருக்கிறது.

மண் மட்டும் இன்னும் வரவில்லை. மிட்டிக் குப்பியில் கால் பங்கு மிஞ்சியிருக்கிறது. அதைச் சேமிப்பதை விட்டுவிட்டோம். மழைக்கு முன்னால் காற்று திரும்பும்போது, ஒருவர் பால்கனியில் நின்று "வந்துவிட்டது" என்கிறார். மற்றவர் குப்பியை எடுத்துவந்து மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, தேய்க்காமல், கையை நீட்டுகிறார். "செங்கல்" என்று பதில் வருகிறது. சற்றுப் பொறுத்து, "இன்னும் செங்கல்தான்." பத்தாவது நிமிடத்தில், "இப்போது சந்தனம்." சந்தனம் இருவருக்கும் தெரிகிறது.