தலையணையும் தமக்கையும்

2020-இல் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, செவிலியர் படிப்பில் இருந்த என் அக்காளின் வகுப்பெல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. மணவாளக்குறிச்சியில் எங்கள் ஓட்டு வீட்டுக்குக் கிணற்றடியில்தான் சிக்னல். நின்றுபோன இதயத்தை இயக்கும் முதலுதவிப் பாடமும் அங்கேதான் நடந்தது. நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலெழ விட வேண்டும். நான் கடிகாரம் பார்த்து எண்ண, அக்காள் தலையணையை அமுக்கினாள். "பஞ்சு பிஞ்சு போவும் மக்களே" என்றாள் அம்மா.

எண்ணிக்கை சரிதான். ஆழத்தை யார் சொல்வது? நெஞ்சுக்கூடு எதிர்த்துத் தள்ளும், இலவம்பஞ்சு தள்ளாது. நார்வேயின் லேர்டால் 1960-இல் கொண்டுவந்த பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் சுருள்வில் வைத்தது இதற்காகவே. இன்று இயற்பியல் படிக்கும் எனக்கு, அந்த வில்லில்தான் பாடமே இருப்பதாகத் தோன்றுகிறது. இணையவழிப் பாடம் அமைப்போர் படங்களை எவ்வளவு அழகாக்கினாலும் சரி, கைக்கு மறுமொழி சொல்லும் பொம்மை ஒன்றை ஊருக்கு ஒன்றாவது அனுப்பியிருக்கலாம்.

மறு ஆண்டு பக்கத்து வீட்டுத் தாத்தா முற்றத்தில் சரிந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அக்காள் அமுக்கினாள். அவர் பிழைக்கவில்லை. அன்றிரவு கிணற்றடியில் அவள் கேட்டாள்: "எண்ணிக்கைய நீ பாத்த. ஆழம் போதுமா இருந்துதாலே?"