பெரியம்மா கண்ட வைத்தியம்

மோட்டார் ரிப்பேர் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அடுப்பில் பால் பொங்கப் போவதைக் கூடத்தில் இருந்தபடியே காதால் அறிகிறவர்கள் நீங்கள். பழைய கார் எஞ்சினுக்கு வரும் ஒரு வியாதியைக் கண்டுபிடிக்க அந்தக் காதும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும்.

வியாதி இதுதான்: ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவாகத்தான் மிதித்திருக்கிறீர்கள். ஆனாலும் எஞ்சின் சீராக ஓடுவதில்லை. சற்றே விரைகிறது, அடுத்த கணம் சோர்கிறது, மறுபடியும் விரைகிறது. உள்ளே இருப்பவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்தவர்களைப் போல் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் பசி. எஞ்சினுக்கு எடையில் சுமார் 15 பங்கு காற்றும் ஒரு பங்கு பெட்ரோலும் கலந்து போக வேண்டும். பெட்ரோல் வரத்து குறைந்தாலும் சரி, ஏதாவது விரிசல் வழியாகக் காற்று அதிகம் புகுந்தாலும் சரி, தள்ளாட்டந்தான்.

எங்கள் பெரியப்பாவிடம் 1967-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. 1961-ல் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் தயாராகத் தொடங்கிய கார் அது. உருவம் வகுத்தவர் மிகலாட்டி என்ற இத்தாலியர். 948 ஸி.ஸி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முகம் முழுவதுமே முன்புறம் சாய்ந்துகொள்ளும். சக்கரத்தின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. பெரியப்பாவின் கார் இருக்கிறது.

இருக்குமா என்பதே போன ஆடி மாதம் சந்தேகமாகிவிட்டது. மூன்று மாதமாக வண்டிக்கு இந்தத் தள்ளாட்டம். ஒரு பட்டறையில் ப்ளக்குகளை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாமவர், "எஞ்சினை இறக்கணும், சார்" என்று ஒரு தொகையும் சொன்னார். தொகையைக் கேட்ட மகன்கள், காயலான் கடையில் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தார்கள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. "பெரியபாளையத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வரட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம்" என்றார். வருஷா வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்க அந்தக் காரில்தான் போவது வழக்கம். நானும் தொற்றிக்கொண்டேன்.

செங்குன்றம் வரை சமர்த்தாக ஓடிய வண்டி, சோழவரம் தாண்டியதும் ஆட ஆரம்பித்தது. காரனோடைப் பாலத்தில், கும்மிடிப்பூண்டி லாரிகளுக்கு நடுவே, பெரியம்மாவின் மடியிலிருந்த பொங்கல் பானையும் கூடச் சேர்ந்து ஆடியது. ஜனப்பன்சத்திரத்தில் இடது பக்கம் திரும்பி, மஞ்சங்காரணையைத் தாண்டியதும், ஒரு வேப்ப மரத்தடியில் நின்றேவிட்டது.

பெரியப்பா பதறவில்லை. "வீட்டு வாசலில் நிற்கிறபோது எஞ்சின் ஒழுங்காகத்தானே ஓடுகிறது? மேனிபோல்டில் காற்றுக் கசிவு இருந்தால் அப்போதுதான் அதிகம் உதறும். ஆகவே அது இல்லை. பெட்ரோல்தான் வந்து சேரவில்லை" என்றார். வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறதோ என்று பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார். கால் மணி கழித்து வண்டி கிளம்பியது. துணி ஈரமாகவே இருக்க, மறுபடியும் அதே ஆட்டம், அதே நிறுத்தம்.

"ஏங்க, அந்த டாங்க் மூடி எப்போ மாத்தினது?" என்று கேட்டாள் பெரியம்மா.

"சித்திரையில். பழையது தொலைந்துபோச்சே."

"வண்டிக்கு உடம்புக்கு வந்ததும் சித்திரையில்தானே? எண்ணெய் டின்னுக்கு ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் விட்டுவிட்டுத்தான் விழும், அப்புறம் நின்னுடும். எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா வரும். இந்த மூடியில் ஓட்டை இருக்கான்னு பாருங்க."

பெரியப்பா பின்பக்கம் போய் மூடியைத் திருகினார். 'புஸ்'ஸென்று காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டது டாங்க்! பல பழைய கார்களில் மூடியில் உள்ள சிறு துவாரம் வழியாகத்தான் டாங்குக்குள் காற்று போக வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டியைச் சற்று நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டியும் கிளம்பும். புது மூடியில் துவாரமே இல்லை. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து மெதுவாகப் போனோம். ஆரணியாற்றங்கரையில் வேப்பிலை ஆடை உடுத்தியவர்கள் கோயிலை வலம் வர, பெரியம்மா பொங்கல் வைத்தாள். மறுநாளே துவாரமுள்ள மூடி ஒன்று தேடி வாங்கப்பட்டது. காயலான் கடைப் பேச்சு அத்தோடு நின்றது.

மூன்று பட்டறைக்காரர்களும் கேட்காத கேள்வி, 'வியாதி வருமுன் எதை மாற்றினீர்கள்?' என்பதுதான். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அப்புறம் டாங்க் மூடி, வடிகட்டி, ரப்பர்க் குழாய்கள், பம்ப், கார்புரேட்டர் என்று வரிசையாக வர வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். குழம்பில் உப்பையும் புளியையும் ஒன்றாகக் கூட்டினால் எது கூடிப்போயிற்று என்று எப்படித் தெரியும்?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கவலை. 2025 முதல் நாடெங்கும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பெரும்பாலும் கிடைக்கிறது. எத்தனாலில் பிராணவாயு இருப்பதால், பழைய கார்புரேட்டரில் கலவை சற்று மெலிந்து, இதே தள்ளாட்டம் வரக்கூடும். அது ஈரத்தை இழுக்கும். டாங்கில் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டியில் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கென்று செய்யாத பழைய ரப்பரை உப்பவும் வெடிக்கவும் செய்யும். ஆகையால் எத்தனாலைத் தாங்கும் குழாய்களாகவும் பம்ப் டயாபிரமாகவும் மாற்றிவிடுவது நல்லது. மாதக் கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைப்பதும் கூடாது.

காருக்கருகில் பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் தொட விடாதீர்கள். வெடித்த ரப்பர்க் குழாயிலிருந்து சூடான எஞ்சின் மேல் சொட்டும் பெட்ரோல் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. அந்த வாசனை முதலில் எட்டுவது, அநேகமாக, உங்கள் மூக்குக்குத்தான்!