மைதானத்தை விட்டுப் போனவர்

எமது ஊருக்குத் தேற்றாத்தீவு என்று பெயர். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இரண்டுக்கும் நடுவே கல்முனைக்குச் செல்லும் பெருவீதி. செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையிற் கிடக்கும் இவ்வூரைப் பேருந்திற் போகிறவர்கள் ஒரு சில நிமிடத்திற் கடந்துவிடுவார்கள். மணற்பாங்கான நிலம். கிணற்று நீரை இறைத்து ஊற்றி வெற்றிலையும் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டு வாழும் சனங்கள். வெயில் தாழ்ந்த பின்னர் மைதானத்தின் பக்கம் போனால் பந்து உதைபடும் ஓசை கேட்கும். அந்தப் பந்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுதுமுன் எமது குற்றமொன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாம் படிப்பிக்கும் பாடசாலையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அங்கே பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கியவர் ஆசிரியர் அல்லர். பகலில் மேசன் வேலை; மாலையில் மைதானம். ஊரார் அவரை 'மாஸ்டர்' என்றழைப்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். சம்பளம் என்று எதுவும் கிடையாது. போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நாட்களில் பஸ் செலவும் ஒரு சோற்றுப் பார்சலும் கொடுபடும். சில வேளைகளில் அதுவும் மறந்து போகும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான்.

அவர் பழக்கிய விதத்தை நாம் பலமுறை வேலியோரம் நின்று பார்த்ததுண்டு. மத்தியானம் சாப்பிடாமல் வந்தவன் யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் எவனும் கையைத் தூக்கமாட்டான் என்பதை அறிவார். வேலை முடிந்து வரும்போது ஒரு பையில் அவித்த கடலை கொண்டுவருவார். 'முதலில் எல்லாரும் ஒரு பிடி தின்னுங்கோ, பிறகுதான் ஓட்டம்' என்பார். யாருக்காக அந்தக் கடலை என்பது அவருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. கற்பித்தல் முறை பற்றி நாம் பல்கலைக்கழகத்திற் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தப் பாடம் இருந்ததில்லை.

2023 ஆம் ஆண்டு, வலயப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு மாலை அவர் எல்லைக்கோட்டருகே நின்று ஏதோ கூவிக்கொண்டிருந்தார். கூவல் பாதியில் நின்றது. மரம் சாய்வதுபோல மணலில் விழுந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளிற்று. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். 'இரும்பு, இரும்பு!' என்று யாரோ கத்தினார்கள். நாம் என்ன செய்தோம் தெரியுமா? தமிழ்ச் சிறப்புப் பட்டதாரியாகிய நாம், எமது மோட்டார் சைக்கிளின் திறப்பை எடுத்து அவருடைய இறுகிய கைக்குள் திணித்தோம். நான்கு பேர் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இழுவை தானே நின்றது. திறப்பினால் நின்றது என்று அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். நம்பாத நாமும் மறுத்துப் பேசவில்லை.

கண் விழித்ததும் அவர் முதலிற் கேட்டது தண்ணீரன்று.

'பொடியனுகள் கண்டிட்டானுகளா, சேர்?'

அதன் பிறகு நடந்தவை மிகச் சாதாரணமானவை. இரண்டொரு பெற்றோர் வந்தார்கள். 'பிள்ளைகள் பயந்துபோனார்கள்' என்றார்கள். 'அது தொற்றுமாமே' என்று ஒருவர் கேட்டார். ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசப்பட்டது. யாரும் கொடுமையாகப் பேசவில்லை. 'பாவம், சிறிது காலம் ஓய்வெடுக்கட்டும்' என்றுதான் முடிவாயிற்று. கடிதம் இல்லை, நன்றி இல்லை, மாலையும் இல்லை. சம்பளம் இல்லாத வேலைக்கு விலக்கற் கடிதம் எதற்கு? நாம் அந்தக் கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தோம். பயத்தினால் மௌனமாயிருந்தோம் என்று சொன்னால் அதில் ஓரளவு மரியாதையாவது உண்டு. உண்மையில் பயம்கூட இல்லை. அன்று மாலை திருத்தவேண்டிய விடைத்தாள்கள் இருந்தன. கூட்டம் விரைவில் முடிந்தால் நல்லது என்றிருந்தோம்.

இது நடந்து சில மாதங்களின் பின்னரே ஜெரி கில் என்ற அமெரிக்கரின் வரலாற்றைப் படித்தோம். அமெரிக்கப் பயிற்றுநர் என்றால் மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. எமது நகர மைதானமே அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் மாதம் வழியிற் காணாமற் போனார், இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் கில் பழக்கியது நாம் அறிந்த உதைபந்தன்று. அங்கே பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து, ஆளோடு ஆள் மோதி ஓடுகிறார்கள். அதற்கும் உதைபந்து என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

அந்நாட்டில் பல்கலைக்கழக ஆட்டமென்பது பெரிய வாணிகம். மினசோட்டாப் பல்கலைக்கழகம் தன் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகக் கில்லை அமர்த்திற்று. 2011 ஆம் ஆண்டின் ஆட்டப் பருவமே அங்கே அவருக்கு முதற்பருவம். அவருக்கு வலிப்பு நோய் உண்டு. முன்பு தெற்கு இலினோயில் பயிற்றுநராக இருந்தபோது, 2005 இல், மைதானத்தில் விழுந்தார். அதையொட்டி நடந்த பரிசோதனையில் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, சிகிச்சை பெற்று மீண்டார். மினசோட்டாவில் 2011 செப்டெம்பர் 10 ஆம் நாள், ஆட்டம் முடியும் தறுவாயில், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க எல்லைக்கோட்டருகே விழுந்தார். எமது மாஸ்டர் விழுந்த அதே இடம்.

2013 செப்டெம்பரில் மறுபடி விழுந்தார். அப்போது அந்நகரப் பத்திரிகையொன்றின் பத்தி எழுத்தாளர், காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறவர்கள் இப்படியொரு காட்சியைக் காண வேண்டுமா என்ற பொருள்பட எழுதினார். செல்வம் கொழிக்கும் நாட்டிலும் எங்கள் வேலியோரத்துப் பேச்சுத்தான்! ஆனால் அங்கே அதற்குப் பலத்த கண்டனம் எழுந்தது. பல்கலைக்கழகம் அவரை விலக்கவில்லை. அக்டோபரில் அவர் சிகிச்சைக்காக விடுப்பெடுத்தார். பல ஆண்டுகளாக அவரோடு ஊர் ஊராக வந்த துணைப் பயிற்றுநர் ட்ரேசி கிளேய்ஸ் மைதானத்தில் நின்று அணியை நடத்தினார். சில நாட்களிற் கில் திரும்பிவந்து, மேலே கண்ணாடி அறையிலிருந்து ஆட்டத்தைப் பார்த்தார். அந்த வாரங்களில் அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வென்றது. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் எல்லைக்கோட்டுக்கு வந்தார். அந்தப் போட்டித் தொடரின் சிறந்த பயிற்றுநர் என்ற விருதும் பெற்றார்.

ஆயினும் நோய் விட்டபாடில்லை. 2015 அக்டோபர் 28 ஆம் நாள், பருவத்தின் நடுவிலேயே, பத்திரிகையாளரைக் கூட்டி, உடல்நிலை காரணமாக ஓய்வு பெறுவதாகக் கண்ணீரோடு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 54. இந்தத் தொழிலைவிட வேறெதுவும் தமக்குத் தெரியாது என்று சொல்லி அழுதார். நாம் அந்தக் காட்சிப் பதிவைப் பார்த்தோம். ஆங்கிலத்தில் எமக்குப் புரியாமற் போன சொற்கள் உண்டு. அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுக்கு இருபது இலட்சம் டொலருக்கு மேற் சம்பளம் வாங்கியவருக்காக ஒரு மேசனின் கூட்டாளி ஏன் இரங்க வேண்டும் என்று முற்போக்கு நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் இரங்கியது பணத்துக்கன்று, பொறாமைப்பட்டது ஒலிவாங்கிக்கு. தான் போவதைத் தானே சொல்ல அந்த மனிதருக்கு ஓர் இடம் இருந்தது. திரும்பி வரவும் வழி இருந்தது. 2017 இல் இன்னொரு பல்கலைக்கழகத்திற் துணைப் பயிற்றுநரானார். அங்கும் வலிப்பு வந்து விலகினார். பிறகு மறுபடி வந்தார். 2022 இலும் 2023 இலும் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகவே இருந்தார். நோயாளி ஒருவர் போவதும் வருவதுமாக இருக்கலாம் என்பதை அந்த ஆட்ட உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. எமது மைதானத்திலோ ஒரே ஒரு கதவு. அதுவும் வெளியே மட்டும் திறப்பது.

இந்நோயைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். 'முயலகன்' என்று அதற்கொரு பெயருண்டு. ஆடவல்லானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவுக்கும் அதுவே பெயர். கொல்லி மழவன் என்னும் தலைவன் தன் மகளுக்கு இந்நோய் வர, அவளைத் திருப்பாச்சிலாச்சிராமக் கோயிலில் இறைவன் முன்னிலையிற் கிடத்தினான் என்றும், அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடி நோயைத் தீர்த்தார் என்றும் பெரியபுராணம் கூறும். இதை வகுப்பிற் பலமுறை படிப்பித்திருக்கிறோம். படிப்பிக்கும்போது பதிகத்தின் பெருமையையே பேசினோம். ஒரு நாட்டின் தலைவன் நோயுற்ற பெண்ணை அந்தப்புரத்தில் மறைக்காமல் ஊரறியக் கோயிலிற் கொண்டுபோய்க் கிடத்தினான் என்ற செய்தி எம் கண்ணிற் பட்டதே இல்லை. இது தெய்வம் தந்த நோயன்று, மற்ற நோய்களைப் போன்றதே என்று கிரேக்க மருத்துவ நூலொன்று ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டது. தஸ்தயேவ்ஸ்கிக்கும் இந்நோய் இருந்தது. அவருடைய நாவலைக் கையில் வைத்துக்கொண்டு மனித குலத்துக்காக உருகிய எமக்கு, எதிரே மணலிற் கிடந்தவர் விடயத்தில் ஒரு திறப்புத்தான் தோன்றிற்று.

பிறகுதான் சிறிது படித்தோம். வைத்திய நண்பரொருவரையும் கேட்டோம். உலகில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர்வரை ஏழை நாடுகளிலும் இடைத்தர வருவாயுள்ள நாடுகளிலும் வாழ்பவர்கள். சரியாகக் கண்டறிந்து ஒழுங்காக மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென அளவு மீறுவதால் வருவது, எவருக்கும் தொற்றுவதன்று. உறக்கம் கெட்டாலும் மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரக்கூடும்.

மாஸ்டரின் வீட்டுக்குப் போக எமக்கு ஐந்து மாதம் பிடித்தது. வெற்றிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறு வீடு. அவருடைய தாயார் கதிரையைத் துடைத்துப் போட்டு, 'இரு மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ' என்றார். மாஸ்டர் எம்மைக் குற்றம் சொல்லவில்லை. மெல்ல மெல்லத்தான் பேச்சு வந்தது. இருபது வயதிலிருந்து நோய் இருக்கிறது. கிளினிக்கில் மருந்து தருகிறார்கள். 2022 ஆம் ஆண்டு நாடு திவாலாகி மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த குளிசையை நாள்விட்டு நாள் போடப் பழகிக்கொண்டாராம். பிறகு மருந்து கிடைத்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒருநாட் கூலி போய்விடும். குளிசை போட்டால் தூக்கக் கலக்கம். உயரத்தில் நின்று கல் அடுக்குகிறவர் கலக்கத்தோடு நிற்கலாமா? வேலை கொடுப்பவர்களுக்கு நோய் தெரியாது. தெரிந்தால் வேலை இல்லை. போட்டி நெருங்கிய அந்த வாரங்களில் இரவு வேலையும் செய்து, விடியுமுன் பிள்ளைகளை ஓடவிட எழும்பியும் வந்திருக்கிறார்.

'ஓய்வெடுக்கச் சொன்னது நல்லதுதான், சேர். ஆனா ஒராள் வந்து சொல்லியிருக்கலாம். நான் மூண்டு நாள் மைதானத்துக்கு வந்தனான். பொடியனுகள் வரல்ல. பிறகுதான் விளங்கிச்சு.'

தேநீர் ஆறிப்போயிற்று. தாயார் எம்மைக் 'குடி மகன்' என்று இரண்டாம் முறையும் சொன்னார்.

அடுத்த கிளினிக் நாளில் நாமும் விடுப்பெடுத்து அவரோடு போனோம். தூக்கக் கலக்கத்தை அவர் அதுவரை வைத்தியரிடம் சொன்னதே இல்லை. சொன்னதும் வைத்தியர் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி எழுதினார். இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. கூட்டத்தில் அவரை விலக்குவதற்கு ஆன அதே ஐந்து நிமிடம்.

பாடசாலையில் அவரைத் திரும்ப அழைப்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அதிபர் 'பார்ப்போம்' என்றிருக்கிறார். எழுத்திற் கேட்டிருக்கிறோம்; ஓடியாடி நிற்காமல், நிழலில் கதிரை போட்டிருந்து பழக்கினாலும் போதும் என்று கேட்டிருக்கிறோம். இதற்கிடையில், சென்ற வாரம், ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளையில் இலக்கணத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனோம். ஒருவனைப் படுக்கவைத்து, வலிப்பு வந்தவரை எப்படிப் பார்ப்பதென்று காட்டினோம். அருகிலுள்ள கல், கம்பிகளை அகற்று, தலையின் கீழ் மெதுவான துணியை வை, அமுக்கிப் பிடிக்காதே, வாய்க்குள் எதையும் திணிக்காதே, இழுவை நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துவிடு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போ, விழிக்கும்வரை பக்கத்தில் இரு.

அணியின் கோல்காப்பாளன் கையைத் தூக்கினான்.

'திறப்பு வேண்டாமா, சேர்?'

வேண்டாம் என்றோம்.

'அப்ப நீங்க அண்டைக்கு வச்சது?'

பிள்ளைகள் எல்லாரும் எம்மையே பார்த்தார்கள். 'அது பிழை' என்றோம். அவன் தலையாட்டிவிட்டு, படுத்திருந்தவனை மறுபடி ஒருபக்கமாகச் சரிக்கத் தொடங்கினான்.